மூன்று படத்திலும் அதே இடத்தில்

1991 என்று சொன்னால் ஸ்ரீபெரும்புதூரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரே ஞாபகம்தான் வரும். அந்த மே மாதம் நானும் அந்த ஊரில்தான் வேலை பார்த்தேன். ஆனால் எனக்கு அந்த வருஷம் என்பது கோமளா என்ற பெண்ணுக்கு நான் எடுத்த மூன்று எக்ஸ்ரே படங்கள். முப்பத்திரண்டு வருஷம் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனை நெஞ்சு, எத்தனை முதுகெலும்பு எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவை எல்லாம் போய்விட்டன. இந்த மூன்றும் போகவில்லை.

எனக்குச் சொந்த ஊர் படப்பை. சென்னையில் பயிற்சி முடித்து, கல்யாணமாகி, ஸ்ரீபெரும்புதூரில் மெயின் ரோட்டை ஒட்டி இருந்த ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். பத்துப் படுக்கை, ஒரு ஆபரேஷன் தியேட்டர், ஒரு பழைய எக்ஸ்ரே மெஷின். பக்கத்துக் கம்பெனிகளில் ஷிஃப்ட் தொடங்கும்போது வோல்டேஜ் இறங்கிவிடும். முள் மேலே ஏறும்வரை காத்திருந்துதான் பட்டனை அழுத்துவேன். என்னை எல்லோரும் எக்ஸ்ரே சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெயசீலி என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டது டாக்டரம்மா ஒருவர்தான்.

டாக்டரம்மாவின் பெயரை எழுதப் போவதில்லை. இறந்துவிட்டார். பிள்ளைகள் இருக்கிறார்கள். கெட்டவர் என்றும் சொல்ல முடியாது. சுற்றுவட்டாரத்தில் அவர் கையில் பிறந்த குழந்தைகளை வைத்து ஒரு ஊரே கட்டலாம். என் இரண்டு குழந்தைகளையும் அவர்தான் எடுத்தார். இரண்டாவது பிரசவத்தில் எனக்கு ரத்தம் நிற்காமல் போனபோது, தன் முஷ்டியால் என் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றவர் அவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. நோயாளியை ‘கண்ணு’ என்பார். கையை முழங்கை வரை சோப்புப் போட்டு, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே கழுவுவார். எண்ணி முடிக்கும் வரை யாரும் பேசக்கூடாது. படத்தைப் பார்ப்பதற்கென்று சுவரில் விளக்குப் பெட்டி மாட்டியிருந்தும், ஜன்னலுக்கு நேராகத் தூக்கித்தான் பார்ப்பார். ஐந்து விநாடி. அதற்கு மேல் ஒரு படத்தையும் அவர் பார்த்ததில்லை. பிறகு ரிப்போர்ட்டை வாயால் சொல்வார். நான் எழுதுவேன். கீழே அவர் கையெழுத்து, மேலே முழுக்க என் எழுத்து.

கரு கலைந்து வரும் பெண்களுக்குக் கருப்பையைச் சுத்தம் செய்வது எங்கள் இடத்தில் வாரத்தில் இரண்டு மூன்று நடக்கும். நர்ஸ் வராத நாட்களில் விளக்குப் பிடிக்க என்னைக் கூப்பிடுவார்கள். ஓரம் கூர்மையான, நீளக் காம்பு வைத்த கரண்டி மாதிரி ஒரு கருவி. அதை உள்ளே விட்டுச் சுவரைச் சுற்றிச் சுரண்டி எடுப்பார். முதலில் சத்தமே இருக்காது. பிறகு ஒரு கட்டத்தில், மண் சட்டியின் அடியைச் சுரண்டுகிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம் வரும். “கேட்டுச்சா? அது வந்தாதான் சுத்தம்” என்பார் டாக்டரம்மா. அது வந்த பிறகும் இன்னும் இரண்டு சுற்று போவார். எதையும் அரைகுறையாகச் செய்து அவருக்குப் பழக்கம் இல்லை.

கோமளா அந்த மேஜையில் மூன்று முறை படுத்தவள். பென்னலூரில் வாழ்க்கைப்பட்ட பெண். புருஷன் ஏழுமலை ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. அமைதியான ஆள். தன் அம்மா பேசும்போது வெளியே போய் நின்றுகொள்வான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் மூன்று தடவை கரு நின்று மூன்றும் போயிற்று. முதலாவது மூன்றாம் மாதம், இரண்டாவது இரண்டரை மாதம், மூன்றாவது இரண்டு மாதம்கூட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே மேஜை, அதே கருவி. இரண்டாவது, மூன்றாவது தடவைகளில் விளக்குப் பிடித்தது நான்.

பொங்கல் கழிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். கருப்பைக்குள் மருந்து செலுத்திப் படம் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதி அனுப்பியிருந்தார். மாதவிலக்கு நின்ற இரண்டு மூன்று நாளில் இதை எடுக்க வேண்டும். எனவே எப்போது ஆனது, எத்தனை நாள் என்று நான் கேட்டாக வேண்டும்.

“எத்தனை நாள் பட்டுச்சு கோமளா?”

“நாளா? அரை நாள் சிஸ்டர். பொட்டு வெச்ச மாதிரி. ரெண்டாவது வாட்டி க்ளீன் பண்ணதுலேர்ந்து அப்டித்தான் கீது.”

“அதுக்கு முன்னாடி?”

“முன்னாடி அஞ்சு நாள் போவும். அத்தைகிட்ட சொன்னேன். ஒடம்பு சூடுன்னாங்க.”

நான் அதைச் சீட்டில் குறித்தேன். குறித்ததோடு சரி.

படம் எடுக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். மேஜைமேல் படுக்க வைத்துக் கருப்பை வாயை ஒரு கொக்கியால் பிடித்துக்கொண்டு, நுனியில் திருகாணி மாதிரி இருக்கும் குழாயை அதில் பொருத்துவார்கள். அதன் வழியாக டாக்டர் ஊசிக் குழலால் மருந்தை மெதுவாகத் தள்ளுவார். எக்ஸ்ரேயில் மருந்து வெள்ளையாகத் தெரியும். அது நிறையும்போது நான் படம் எடுக்க வேண்டும். நல்ல கருப்பை என்றால் தலைகீழாக வைத்த முக்கோணம் மாதிரி, ஓரம் வழவழவென்று, முழு வெள்ளையாக வரும். மருந்தோடு காற்றுக் குமிழி போய்விட்டால் வெள்ளைக்கு நடுவில் உருண்டையாகக் கறுப்புத் தெரியும். அதனால்தான் ஒரு படத்தோடு விடுவதில்லை. அடுத்த படத்தில் குமிழி வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

கோமளா ஈயக் கவசத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். கதிர் படாமல் இருக்க நான் மாட்டியிருந்த கவசம் அது. “வலிக்கும் கண்ணு, பொறுத்துக்கோ” என்றார் டாக்டரம்மா. முதல் படம் எடுத்தேன். இன்னும் கொஞ்சம் மருந்து போனதும் இரண்டாவது. மூன்றாவதுக்கு அவளை லேசாக ஒருக்களிக்கச் சொல்லி எடுத்தேன். ஒருக்களித்தபோதுதான் அவள் முதல்முறையாக ‘அம்மா’ என்றாள்.

இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் படங்களைக் கழுவினேன். மருந்துத் தொட்டியில் ஆட்ட ஆட்ட முதல் படம் மேலே வந்தது. முக்கோணம் இல்லை. கிழித்த காகிதத்தின் ஓரம் மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு. நடுவில் கோணல்மாணலாக மூன்று கறுப்பு ஓட்டைகள். இரண்டாவது படத்திலும் அதே ஓட்டைகள், அதே இடத்தில். ஒருக்களித்து எடுத்த மூன்றாவதிலும் அதே இடத்தில்.

பயிற்சியின்போது இந்த மாதிரிப் படம் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். கருப்பையின் உட்பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் புண்ணோடு புண்ணாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடத்தில் மருந்து போகாது. கரு வந்து பதிவதற்கும் அங்கே மெத்தை இருக்காது. மாதவிலக்கும் குறைந்து போகும். பரீட்சைக்கு வந்த கேள்வி அது. நான் சரியாக எழுதியிருந்தேன்.

ஈரம் சொட்டச் சொட்ட மூன்று படத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஜன்னலுக்கு நேராகத் தூக்கினார். அன்றைக்கு ஐந்து விநாடி இல்லை. நான் எண்ணவில்லை, ஆனால் அதிக நேரம்.

“குமிழி போயிருக்கு” என்றார்.

“மூணு படத்திலயும் அதே இடத்துல இருக்கு மேடம். நகரல.”

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. “ஜெயசீலி, நீ படம் எடுக்கறவ. படிக்கறது நான்.”

“ரெண்டாவது க்ளீனிங்லேர்ந்து பீரியட்ஸ் அரை நாள்தான் வருதாம் மேடம்.”

“எழுதிக்கோ” என்றார். ‘இன்ஃபன்டைல் யூட்டரஸ். கன்ஜெனிட்டல்’ என்று சொன்னார். வளர்ச்சி இல்லாத கருப்பை, பிறவிக் குறை. பேனா என் கையில் இருந்தது. எழுதினேன். எப்போதும் போல எழுத்து அழகாகவே விழுந்தது.

வெளியே மாமியார் முனியம்மா காத்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவருக்குத் தமிழில் சொன்னார். “கர்ப்பப்பை கொழந்தையோடது மாதிரி சின்னதா இருக்கும்மா. பொறவியிலேயே அப்படி. யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“இன்னா டாக்டரம்மா சொல்றீங்கோ? அப்ப கண்ணாலத்துக்கு முன்னாடியே இப்டித்தானா?”

“பொறவின்னா அப்படித்தானேம்மா.”

முனியம்மா அந்த ரிப்போர்ட்டை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். கோமளா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. படங்கள் எங்களிடமே இருந்தன. டாக்டரம்மா அனுமதி இல்லாமல் படத்தை வெளியே கொடுக்கக் கூடாது என்பது எங்கள் இடத்தின் சட்டம்.

மே மாதக் கடைசியில் கோமளா தனியாக வந்தாள். ரோடு முழுக்கப் போலீஸ். பஸ்ஸை நிறுத்தி நிறுத்திச் சோதனை போட்டதால் பென்னலூரிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தாள். டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. நேராக என் அறைக்கு வந்து கதவோரம் நின்றாள்.

“சிஸ்டர், அந்தப் படத்த குடுங்க. வேற எங்கனா காட்டுறேன்.”

“படம் டாக்டரம்மாகிட்ட இருக்கு” என்றேன். படம் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில், மேலிருந்து இரண்டாவது தட்டில் இருந்தது.

“சரி, நீங்களே சொல்லுங்க. நீங்கதான படம் புடிச்சீங்க. எனக்குப் பொறவியிலேயே அப்டித்தானா? எங்கம்மா தல மேல அடிச்சி சத்தியம் பண்ணுது, எனக்குப் பதிமூணு வயசுலேர்ந்து மாசம் தவறினது இல்லன்னு.”

என்னவெல்லாமோ சொல்லியிருக்கலாம். உன் மாதவிலக்கு முன்பு சரியாக இருந்தது என்றால் பிறவி இல்லை என்ற ஒரு வாக்கியம் போதும். என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. என்னைப் பிழைக்க வைத்த அந்தக் கை என் கண்ணுக்குள் வந்தது. வேலை போய்விடும் என்ற பயமும் வந்தது. எது முதலில் வந்தது என்று இன்றுவரை என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

“டாக்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும் கோமளா.”

“சரி சிஸ்டர்” என்று சொல்லிவிட்டு வந்த வழியே நடந்து போனாள்.

மீதியை எங்கள் ஆயா குப்பம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரும் பென்னலூர்க்காரர். ஊரில் பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசினார்களாம். முனியம்மா ரிப்போர்ட்டை எடுத்துப் போட்டாராம். கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் அதை வாங்கி வாசித்துத் தமிழில் அர்த்தம் சொன்னாராம்.

“தெரிஞ்சே எங்க தலையில கட்டிட்டாங்கோன்னு கெழவி மண்ண வாரித் தூத்துது எக்ஸ்ரேம்மா. ஏழுமல தலைய தூக்கவே இல்ல. கடைசில எழுதி வாங்கிகினு பொறந்த வூட்டுக்கு அனுப்பிட்டாங்கோ.”

என் கையெழுத்தை ஒரு ஊரே கூடி வாசித்திருக்கிறது. ஆவணியில் ஏழுமலைக்கு வேறு கல்யாணம் ஆயிற்று.

ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்வந்து சமைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் கோமளா நின்றாள். அவள் பிறந்த ஊர் படப்பைக்குப் பக்கத்துக் கிராமம்தான். அங்கே விசாரித்து என் வீட்டைக் கண்டுபிடித்திருந்தாள். கூட அவள் தங்கை வனஜா, பத்தொன்பது வயது. இருவரையும் உட்காரச் சொன்னேன். வனஜா உட்காரவில்லை.

“எனக்காவ வரல சிஸ்டர்” என்று ஆரம்பித்தாள் கோமளா. “இவளுக்கு ஒரு எடம் முடிஞ்சிருந்தது. பூ வெக்கிறதுக்கு நாள் குறிச்சாச்சு. பென்னலூர்லேர்ந்து யாரோ போயி, அக்காளுக்குப் பொறவியிலேயே கர்ப்பப்பை இல்ல, தங்கச்சிக்கும் அதே ரத்தந்தானன்னு சொல்லிட்டாங்க. அவங்க வேணான்னுட்டாங்க. இப்டிப் போவறது இது ரெண்டாவது எடம். எனக்கு ஒண்ணும் வேணாம். இது வம்சத்துல வர்றது இல்லன்னு யார்னா எழுதிக் குடுத்தா போதும்.”

அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். சொன்னேன். சுரண்டியது, ஒட்டிக்கொண்டது, மூன்று படத்திலும் நகராத ஓட்டைகள், எல்லாவற்றையும். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“அப்ப எனக்குப் பொறவியிலேர்ந்து ஒண்ணும் இல்ல.”

“இல்ல.”

“உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“நான் நடந்து வந்து கேட்டனே, அப்பவும் தெரியுமா?”

“தெரியும் கோமளா.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து என் மடியில் ஏறினாள். கோமளா குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வனஜாதான் அக்காவின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

“எழுந்துரு போலாம். இவங்க கையால ஒண்ணும் வாங்க வேணாம்.”

“இருடி” என்றாள் கோமளா. “எழுதட்டும்.”

எழுதினேன். அந்த ரிப்போர்ட் தவறு, படத்தில் இருப்பது பிறவிக் குறை இல்லை, சிகிச்சையால் வந்த ஒட்டல், கூடப்பிறந்தவர்களுக்கு இது வராது என்று என் பெயர், படிப்பு, வேலை எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன். மறுநாள் படங்களை அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். சென்னையில் பெண்களுக்கான அரசு ஆஸ்பத்திரிக்குப் போ என்றும், எந்தப் பிரிவில் காட்டவேண்டும் என்றும் எழுதித் தந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் என் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, “டாக்டர் எழுதினத எக்ஸ்ரே புடிக்கறவ தப்புன்னு சொன்னா ஆச்சா?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அங்கிருந்து பேச்சு பென்னலூர் போய், பென்னலூரிலிருந்து நர்சிங் ஹோமுக்கு வந்தது. ஒரு வாரம் பிடித்தது.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டபோது கை கழுவிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கும் வரை நின்றேன். துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“உன் ரெண்டு பிள்ளைங்களையும் நான்தான் எடுத்தேன்.”

“ஆமா மேடம்.”

“சத்தம் வர்ற வரைக்கும் எடுக்கணும்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. அப்படித்தான் முப்பது வருஷமா பண்றேன். மிச்சம் வெச்சு, சீழ் புடிச்சுச் செத்துப்போனவங்களை நீ பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன்.”

அது பொய் இல்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன்.

“அன்னைக்குப் படத்தைப் பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சுதா மேடம்?”

அவர் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார். “நாளையிலேருந்து வரவேண்டாம் ஜெயசீலி” என்றார். அப்போதும் குரல் உயரவில்லை.

இரண்டு மாதம் வேலையில்லாமல் இருந்து, பிறகு மறைமலை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான். வேலை போனதை ஒரு தியாகமாக நான் எங்கும் சொல்லிக்கொண்டதில்லை. ஒன்பது மாதம் கழித்து வாயைத் திறந்ததற்குக் கிடைத்தது அது.

சென்னையில் கோமளாவின் படங்களைப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை தடவை சுரண்டினாங்க?” என்பதாம். மயக்க மருந்து கொடுத்து ஒட்டலைப் பிரித்து, சுவர்கள் மறுபடி சேராமல் இருக்க உள்ளே லூப் என்கிற ஒரு வளையத்தை வைத்து, மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார்களாம். விலக்கு இரண்டு நாள் வரை வந்ததாம். ஒட்டல் இறுகிப்போய்விட்டது, முன்பே வந்திருந்தால் இன்னும் நன்றாகப் பிரித்திருக்கலாம் என்றும் சொன்னார்களாம். இதெல்லாம் குப்பம்மா மூலம் வந்த செய்தி. படங்களை வாங்கிப் போன பிறகு கோமளா என் வீட்டுக்கு மறுபடி வரவில்லை. ஒரு கம்பெனியில் பேக்கிங் லைனில் சேர்ந்தாள். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வனஜாவுக்கு ஆறு வருஷம் கழித்து, வாலாஜாபாத் பக்கம், இந்தப் பேச்சு எட்டாத ஒரு குடும்பத்தில் முடிந்தது. மூன்று வருஷத்தில் இரண்டு பிள்ளைகள். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று பென்னலூரிலிருந்து யாரும் போய்ச் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு காலை நேரம், முழங்கால் படம் எடுக்க ஒரு அம்மாள் வந்தார். சீட்டில் கோமளா, வயது ஐம்பது என்று இருந்தது. தலை நிமிர்ந்தேன். தலைமுடி பாதி நரைத்திருந்தது. வருஷக்கணக்காக லைனில் நின்றே வேலை பார்த்த கால் வீங்கியிருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். நான் எழுந்து, மேஜையில் ஏறுவதற்குக் கை கொடுக்கப் போனேன்.

கோமளா ஒரு அடி பின்னால் நகர்ந்து, கதவருகில் நின்ற ஜூனியர் பெண்ணிடம் திரும்பினாள்.

“நீ எடும்மா. இவங்க வேணாம்.”

கோபம் எதுவும் இல்லை. கடையில் பழத்தைப் பார்த்து இது வேண்டாம், அது கொடு என்கிற மாதிரிதான் சொன்னாள்.

நான் ஈயக் கவசத்தைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். உள்ளே அந்தப் பெண் “காலை நீட்டுங்கம்மா, ஆடாதீங்க” என்பது கேட்டது. பத்து நிமிஷத்தில் கோமளா கவரைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைத் தொட்டபடி என்னைத் தாண்டிப் போனாள்.

“தெரிஞ்சவங்களா மேடம்?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“படம் சரியா வந்துச்சா?” என்றேன் நான்.

“வந்துச்சு மேடம்.”

“அவங்ககிட்ட குடுத்துட்ட இல்ல?”

“குடுத்துட்டேனே.”

“சரி” என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.